ஏணையும் ஆயாக் கொட்டகையும்: மலாக்காத் தோட்டக் குழந்தைகள் உறங்கிய வரலாறு



தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் பெற்றோர் கேட்கும் கேள்விகள் பள்ளிப் பாடத்தோடு நின்றுவிடுவதில்லை. முதலாம் ஆண்டு மாணவனை அழைத்துச் செல்ல வரும் தாயின் இடுப்பில் ஒரு கைக்குழந்தை இருக்கும். பேச்சு மகனின் வாசிப்பில் தொடங்கிக் கைக்குழந்தையின் உறக்கத்தில் வந்து நிற்கும். "டீச்சர், தானாகவே ஆடும் நாற்காலி ஒன்று விற்கிறார்களாமே, அதில் போட்டால் பிள்ளை இரவெல்லாம் அழாமல் தூங்குமாம், வாங்கலாமா?" என்பது நான் அடிக்கடி கேட்கும் கேள்வி. நான் மருத்துவர் அல்லேன். ஆயினும், இக்கேள்விக்கு மருத்துவ விடையோடு வரலாற்று விடையும் ஒன்று உண்டு. அவ்விடையின் பெரும்பகுதி நம் மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களில் கிடக்கிறது என்பதால் இங்கே எழுதத் துணிந்தேன்.

லயத்து வீட்டு ஏணை

மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் முதன்முதலில் பயிரிடப்பட்டது நம் மாநிலத்தில்தான். 1896-இல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் கன்றுகளை நட்டார். பின்னர் புக்கிட் அசகானில் பெரும் பரப்பில் பயிரிட்டார். தொடக்கத்தில் சீனத் தொழிலாளர்களே மிகுதி. ஆங்கிலேய நிறுவனங்கள் தோட்டங்களை வாங்கத் தொடங்கிய பிறகு கங்காணிகள் வழியாகத் தமிழர்கள் வந்து சேர்ந்தனர். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறையில் ஆடவர் மட்டுமன்றிக் குடும்பங்களும் வந்தன. குடும்பம் வந்தால் குழந்தை பிறக்கும், குழந்தை பிறந்தால் தொட்டில் வேண்டும்.

தச்சனிடம் செய்து வாங்கும் மரத்தொட்டில் எத்தனை தொழிலாளர்களுக்குக் கிட்டியிருக்கும்? பெரும்பாலோர்க்குத் தாயின் பழஞ்சேலையே தொட்டில். ஊரில் சிலர் தூளி என்பர், சிலர் ஏணை என்பர். லயத்து வீட்டின் குறுக்குச் சட்டத்தில் கயிற்றைக் கட்டி, அதில் சேலையை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டால் வேலை முடிந்தது. பதினாறாம் நாளிலோ முப்பதாம் நாளிலோ பெயர் சூட்டிக் குழந்தையை அதில் இடுவார்கள். எறும்பு ஏறாது, தரையின் ஈரம் படாது, பாம்பு பூரான் அண்டாது. ஓர் எண்ணெய் விளக்கும் மண் தரையும் கொண்ட வீட்டில் இவை சிறிய நன்மைகள் அல்ல. அக்காலத்து வீட்டிற்கு அது அறிவார்ந்த பொருள் என்றே நான் கருதுகிறேன்.

காலப்போக்கில் கயிற்றுக்குப் பதில் இரும்புச் சுருள்கம்பி வந்தது. சேலைக்குப் பதில் கைலி வந்தது. அண்டைவீட்டு மலாய்க்காரர்களின் புவாயானும் நம் ஏணையும் ஒன்றோடொன்று கலந்து, இன்று இரு வீடுகளிலும் ஒரே கம்பி, ஒரே துணி, ஒரே வலை தொங்குகின்றன. பக்கவாட்டில் ஆடிய தொட்டில் மேலும் கீழும் குதிக்கும் தொட்டிலானது இந்தக் கட்டத்தில்தான்.

ஆயாக் கொட்டகை

மரம் சீவும் வேலை விடியலுக்கு உரியது. வெயில் ஏறிவிட்டால் பால் உறைந்து ஓட்டம் குறைந்துவிடும். ஆதலால் இருட்டிலேயே பெரட்டுக்குப் போக வேண்டும். பேர் கொடுத்துவிட்டு நிரைக்குச் சென்றால் மரம் சீவி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துத் திரும்ப நண்பகலும் தாண்டிவிடும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போனால்தான் கஞ்சி என்ற நிலையில், பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையை யாரிடம் விடுவது?

சில தாய்மார் குழந்தையைக் காட்டுக்கே கொண்டு போயினர். இரண்டு ரப்பர் மரங்களுக்கு இடையே சேலையைக் கட்டி, கொசுவுக்குப் புகை போட்டுவிட்டு, நான்கு மரம் சீவுவதும் ஓடிவந்து பார்ப்பதுமாக வேலை செய்தனர். ஏனையோர் ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றனர். இளைய வாசகர்கள் இச்சொல்லை அறியார். லயங்களுக்கு அருகே தகரக் கூரையோ அத்தாப்புக் கூரையோ வேய்ந்த நீண்ட கொட்டகை. உத்திரங்களில் வரிசையாக ஏணைகள். நடக்கத் தெரிந்த பிள்ளைகள் தரையில். இவர்கள் அனைவருக்கும் ஓர் ஆயா, பெரிய தோட்டமானால் இரண்டு மூன்று ஆயாக்கள். மரம் சீவ வலுவற்ற முதியவரே பெரும்பாலும் இவ்வேலையில் அமர்த்தப்பட்டார். கூலியும் அதற்கேற்பக் குறைவு.

நிருவாகங்கள் இதனைக் கருணையால் மட்டும் கட்டவில்லை. கொட்டகை இருந்தால்தான் பெண்கள் வேலைக்கு வருவர், பெண்கள் வந்தால்தான் நிரைகள் நிரம்பும். சட்டமும் மெல்ல மெல்லப் பின்னால் வந்தது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொன்னதை நாம் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்திருக்கிறோம். நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் பிறப்புச் சான்றிதழ் அது எனலாம். (மலாக்கா அப்போது நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்று. அதற்குத் தனிச் சட்டப் புத்தகம் இருந்தது. வரலாறு கற்பிக்கும்போது இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர்.) நாடு விடுதலை பெற்ற பின், தொழிலாளர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம் 1966-இல் இயற்றப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த 1990-ஆம் ஆண்டுச் சட்டம், வீடுகளோடு குழந்தைக் காப்பகங்களின் குறைந்தபட்சத் தரத்தையும் தன் முகப்பிலேயே பேசுகிறது. பள்ளிக்கூடமும் ஆயாக் கொட்டகையும் ஒரே தேவையின் இரு பிள்ளைகள். பெற்றோர் காட்டில் இருக்கும்போது பிள்ளைகள் எங்கே இருப்பது என்பதே அத்தேவை. பள்ளிக்கூடத்திற்கு வரலாறு எழுதியிருக்கிறோம், நூற்றாண்டு மலர் வெளியிட்டிருக்கிறோம். கொட்டகைக்கு ஒன்றும் எழுதவில்லை.

பொற்காலம் அன்று

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். "அந்தக் காலத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஏணையில்தானே வளர்ந்தன, என்ன கெட்டுவிட்டது?" என்று கேட்போர் உளர். வளர்ந்தவர்கள்தாம் அக்கேள்வியைக் கேட்க முடியும். வளராமல் போனவர்கள் கேட்பதற்கு இல்லை.

1940-களின் இறுதியில் மலாயாவில் பிறந்த ஒவ்வோர் 1,000 குழந்தைகளிலும் ஏறத்தாழ 100 குழந்தைகள் முதலாம் பிறந்தநாளைக் காணவில்லை. விடுதலை பெற்ற 1957-இல் அது 75 அளவில் இருந்தது. இன்று 10-க்கும் கீழ். மலேரியா, வயிற்றுப்போக்கு, சளிக்காய்ச்சல், தாயின் இரத்தசோகை, கலங்கிய தண்ணீர் ஆகியவை தோட்டக் குழந்தைகளைக் கொண்டு சென்றன. பாலும் கொன்றது என்றால் வியப்பாக இருக்கும். ஜமாய்க்காவில் பிறந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1936-இல் மலாயாவுக்கு வந்தார். தாய்ப்பாலுக்குப் பதிலாகச் சர்க்கரை சேர்த்த கெட்டிப் பாலை ஊட்டியதால் மெலிந்து மடிந்த குழந்தைகளை அவர் இங்கே கண்டார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பிலேயே பேசினார். கெட்டிப்பால் நிறுவனங்களின் விளம்பரத்தை நேருக்கு நேர் சாடிய பேச்சு அது. காலை இருட்டில் குழந்தையைக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பிற்பகலில் திரும்பும் தாய்க்குப் பால்டின் தவிர வேறு வழி என்ன இருந்தது என்பதையும் சேர்த்தே நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்தனை மரணங்களுக்கு நடுவே, உறக்கத்திலேயே மூச்சு நின்று போன குழந்தையை யார் தனியாகக் கணக்கெடுத்தார்? அக்காலத்து மரணப் பதிவுகளில் பெரும்பாலானவற்றை மருத்துவர் பார்த்ததில்லை. 'வலிப்பு' என்றோ 'காய்ச்சல்' என்றோ எழுதி முடித்தனர். லயத்தில் 'தோஷம்' என்றனர், 'காத்து கருப்பு' என்றனர். மேலைநாடுகளிலும் இத்தகைய சாவுக்கு 1969-இல்தான் 'திடீர்ச் சிசு மரணம்' என்ற மருத்துவப் பெயர் நிலைபெற்றது. பெயரில்லாத சாவுக்குக் கணக்கும் இல்லை. ஆகவே பழைய ஏணை பாதுகாப்பானது என்று சான்று காட்ட எவராலும் இயலாது.

அப்படியானால் பழைய முறையில் போற்றத்தக்கது ஒன்றுமே இல்லையா? ஒன்று உண்டு. ஏணைக் கயிற்றை ஒரு கை பிடித்திருந்தது. காட்டில் தாயின் கை, வீட்டில் பாட்டியின் கை, கொட்டகையில் ஆயாவின் கை. குழந்தை சிணுங்கினாலும் அளவுக்கு மீறி அமைதியானாலும் அந்தக் கைக்குத் தெரியும். பத்து ஏணைகளுக்கு ஓர் ஆயா என்றால் அந்தக் கையும் போதாதுதான். என்றாலும் ஆட்டுவதற்கு ஆள் அருகே இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அந்தத் துணியிலேயே இருந்தது. ஆள் எழுந்து போனால் ஆட்டம் நின்றுவிடும்!

குப்புறப் படுக்கவைத்த நூற்றாண்டு

இனி மேலைநாட்டுக் கதைக்குச் சற்றுப் போய் வருவோம், ஏனெனில் ஏணையை விட்டுவிட்டு நாம் வாங்கிய பொருள்கள் அங்கிருந்துதான் வந்தன.

அங்கே 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்குமாறு மருத்துவர்களே சொல்லத் தொடங்கினர். மல்லாந்து படுத்தால் கக்கும் பால் புரையேறிவிடும் என்பது அவர்கள் அச்சம். அமெரிக்காவில் உலகப் புகழ்பெற்ற பெஞ்சமின் ஸ்போக்கின் குழந்தை வளர்ப்பு நூல், 1950-களின் பிற்பகுதிப் பதிப்பு முதல் குப்புறப் படுப்பதையே பரிந்துரைத்தது. அச்சம் தவறானது. நலமான குழந்தை மல்லாந்து படுத்தாலும் புரையேறாமல் விழுங்கவோ இருமவோ செய்யும். குப்புறப் படுத்தால்தான் முகம் மெத்தையில் புதைந்து, தான் வெளிவிட்ட காற்றையே மீண்டும் மூச்சிழுக்கும் ஆபத்து நேர்கிறது.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் சூசன் பீல் என்ற மருத்துவர், குழந்தையை இழந்த வீடுகளுக்கு 1970-களிலிருந்து நேரில் சென்று, குழந்தை எந்த நிலையில் கிடந்தது என்று கேட்டுக் குறித்து வந்தார். குப்புறப் படுக்க வைக்காதீர்கள் என்று 1980-களிலேயே அவர் சொன்னார். 1985-இல் டேவிஸ் என்ற மருத்துவர் ஹாங்காங் குழந்தைகளைப் பற்றி எழுதினார். நெருக்கடியான வீடுகளில் வாழும் அக்குழந்தைகளிடம் இச்சாவு ஏன் அரிதாக இருக்கிறது என்று வினவி, அவை மல்லாந்து உறங்குவதைச் சுட்டினார். பின்னர் 1987-இல் நெதர்லாந்தும், 1991-இல் நியூசிலாந்தும் பிரிட்டனும், 1994-இல் அமெரிக்காவும் மல்லாந்து படுக்க வைக்கும் இயக்கத்தைத் தொடங்கின. சில ஆண்டுகளிலேயே திடீர்ச் சிசு மரணங்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. மருந்து இல்லை, ஊசி இல்லை, பணச் செலவு இல்லை. குழந்தையைத் திருப்பிப் போட்டதால் விளைந்த பயன் அது!

இதில் நெஞ்சைச் சுடும் செய்தி பின்னர் வந்தது. 2005-இல் ரூத் கில்பர்ட்டும் அவர்தம் குழுவினரும் பழைய ஆய்வுகளையெல்லாம் மீண்டும் தொகுத்துப் பார்த்தனர். குப்புறப் படுப்பதன் தீங்கு 1970-ஆம் ஆண்டிலேயே கிடைத்த சான்றுகளில் தெரிந்திருந்தது என்றனர். அப்போதே அவற்றைத் தொகுத்திருந்தால் பிரிட்டனில் 10,000 குழந்தைகளும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளில் குறைந்தது 50,000 குழந்தைகளும் பிழைத்திருக்கக்கூடும் என்று கணக்கிட்டனர்.

நம் ஏணையில் குழந்தையைக் குப்புறப் போட முடியாது, துணியே அதற்கு இடம் தராது. அந்த வகையில் நம் பாட்டிமார் ஸ்போக்கின் நூலைப் படிக்காதது நல்லதாயிற்று. ஆனால் நகருக்கு வந்து மெத்தைக் கட்டில் வாங்கிய பிறகு, "தலை தட்டையாகிவிடும், குப்புறப் போடுங்கள்" என்ற பேச்சு நம்மிடையேயும் பரவியது. குழந்தை விழித்திருக்கும் வேளையில், பெரியவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது குப்புறப் போடுவது கழுத்துக்கும் தோளுக்கும் வலு சேர்க்கும், தலையின் தட்டையையும் குறைக்கும். உறக்கத்திற்கு அது ஆகாது.

சாய்ந்த இருக்கையின் கதை

இப்போது தாய்மார் என்னிடம் கேட்கும் அந்த நாற்காலிக்கு வருகிறேன்.

2009-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற விளையாட்டுப் பொருள் நிறுவனமான ஃபிஷர் பிரைஸ், 'ராக் அண்ட் ப்ளே' என்ற சாய்ந்த படுக்கையை விற்பனைக்குக் கொண்டு வந்தது. மெத்தென்ற துணி, ஆடும் கால்கள், ஏறத்தாழ 30 பாகைச் சாய்வு. குழந்தை உடனே அமைதியாகிவிடும் என்று தாய்மார் மெச்சினர். இரவு முழுவதும் அதில் உறங்க வைக்கலாம் என்றே அது விற்கப்பட்டது. 2011-இல் கனடா அதனைத் 'தூங்கும் படுக்கை' என்ற பெயரில் விற்க இசையவில்லை. அங்கே அது 'சாந்தப்படுத்தும் இருக்கை' என்ற பெயரில் விற்கப்பட்டது. அதே சட்டம், அதே துணி, பெயர் மட்டும் வேறு! ஆஸ்திரேலிய அதிகாரிகளும் அதே ஆண்டில் ஐயம் தெரிவித்தனர். அமெரிக்காவில் விற்பனை தொடர்ந்தது.

2019 ஏப்ரலில், 30-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அதில் இறந்ததாகத் தெரியவந்த பிறகு, ஏறத்தாழ 47 இலட்சம் படுக்கைகள் திரும்பப் பெறப்பட்டன. 2023 சனவரியில் அதே அறிவிப்பு மீண்டும் வெளியிடப்பட்டபோது இறப்பு எண்ணிக்கை ஏறத்தாழ 100 என்று கூறப்பட்டது. அவற்றுள் சில, திரும்பப் பெறும் அறிவிப்புக்குப் பின்னரும் வீடுகளில் தொடர்ந்து பயன்படுத்தப்பட்ட படுக்கைகளில் நேர்ந்தவை.

ஏன் இவ்வாறு? கைக்குழந்தையின் தலை உடலின் அளவை நோக்கக் கனமானது, கழுத்துத் தசையோ வலுவற்றது. சாய்ந்த இருக்கையில் உறங்கும்போது தலை முன்னே கவிழ்ந்து தாடை மார்பில் படிகிறது. குறுகிய மூச்சுக்குழல் மடிந்துவிடுகிறது. குழந்தை அழவும் முடியாமல், சத்தமின்றியே மூச்சு அடங்கும். பொறியியல் ஆய்வாளர் எரின் மேனன் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்திற்காக 2019-இல் நடத்திய ஆய்வு மற்றொன்றையும் காட்டியது. சாய்ந்த நிலையில் குழந்தை எளிதில் உருண்டு கவிழ்ந்துவிடுகிறது, கவிழ்ந்தபின் மீள்வதற்கு வயிற்றுத் தசைகளைப் பெரிதும் வருத்தி விரைவில் களைத்துப் போகிறது. 10 பாகைக்கு மேற்பட்ட சாய்வு உறக்கத்திற்கு ஆகாது என்ற முடிவு அவ்வாய்வில் பிறந்தது. 2022 மே மாதம் அமெரிக்காவில் கையொப்பமான குழந்தைகள் பாதுகாப்பு உறக்கச் சட்டம், 10 பாகைக்கு மேல் சாய்ந்த உறக்கப் படுக்கைகளையும் கட்டிலைச் சுற்றிக் கட்டும் மெத்தைத் தடுப்புகளையும் தடை செய்தது. அடுத்த மாதமே அவ்வாணையம், ஆடும் இருக்கைகளில் 2009 முதல் 2021 வரை 13 குழந்தைகள் இறந்ததைச் சுட்டி, அவ்விருக்கைகளில் உறங்க விடாதீர்கள் என்று எச்சரித்தது.

சாய்ந்த இருக்கையின் படத்தை ஏணையின் படத்தோடு வைத்துப் பாருங்கள். வளைந்த முதுகு, மார்பை நோக்கிக் குனியும் தாடை இரண்டிலும் உண்டு. கைலித் தொட்டிலிலும் இந்த ஆபத்து இருக்கிறது என்பதை நாம் மறைக்கக் கூடாது. துணி இறங்கி வளைவு ஆழமாக ஆக, கழுத்து மேலும் மடியும். கம்பி துருப்பிடித்தால் அறுந்து விழும். தவழும் பிள்ளை தொங்கும் துணியில் கழுத்தை நுழைத்துச் சுற்றிக்கொள்ளும்.

கை போய் மோட்டார் வந்தது

நம் மாநிலத்தில் நடந்த மாற்றம் எனக்கு இங்கேதான் முக்கியமாகப் படுகிறது. 1970-களில் பத்து பெரண்டாமிலும் தஞ்சோங் கிளிங்கிலும் தடையற்ற வாணிப வலயங்கள் தோன்றின. ரப்பர் அழிக்கப்பட்டுச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டன. மரம் சீவிய தாயின் மகள் மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். பெரட்டுக்குப் பதில் தொழிற்சாலைப் பேருந்து. காலை வேலை, பிற்பகல் வேலை, இரவு வேலை என்று மாறி மாறி வந்தது. குடும்பம் ஆயர் குரோ, செங், பத்து பெரண்டாம் வீடமைப்புப் பகுதிகளுக்கும் மாடிக் குடியிருப்புகளுக்கும் குடிபெயர்ந்தது.

குடிபெயர்ந்தபோது ஏணை கூடவே வந்தது. கொட்டகை வரவில்லை. ஆயாவும் வரவில்லை, பாட்டி பல வேளைகளில் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். இரவு வேலை முடித்து வந்த தாய், சமைத்து, துவைத்து, மூத்தவனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கண்ணயர வேண்டும். அந்த நேரத்தில் குழந்தை அழுதால் யார் ஆட்டுவது? அந்த வெற்றிடத்தில்தான் மின்சாரத் தொட்டில் நுழைந்தது. சுருள்கம்பியின் மேலே ஒரு சிறு மோட்டார், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு விசை. இணையத்தில் அதைவிட மலிவாக ஆடும் இருக்கைகள், அவற்றுள் எவருடைய வீட்டிலோ பயன்பட்டுக் கைமாறி வருபவையும் உண்டு. அயல்நாட்டில் திரும்பப் பெறப்பட்ட பொருள் இங்கே கைமாறும்போது அந்த அறிவிப்பு அதனோடு சேர்ந்து வருவதில்லை.

இயந்திரத்தின் குறை அது ஆட்டுவது அன்று. ஆள் இல்லாமலே ஆட்டிக்கொண்டிருப்பதுதான் அதன் குறை. ஏணையில் ஆட்டம் நின்றால் குழந்தை விழித்து அழும், அழுகை ஆளை வரவழைக்கும். மோட்டார் நிற்பதில்லை. குழந்தையின் தலை கவிழ்ந்தாலும் அது ஒரே சீராக ஆட்டிக்கொண்டே இருக்கும், அடுத்த அறையில் இருப்பவருக்கு அந்தச் சத்தமே 'பிள்ளை தூங்குகிறது' என்ற ஆறுதலாகவும் ஒலிக்கும்.

தாய்மாரைக் குறை கூற நான் இதனை எழுதவில்லை. களைப்பின் எல்லையில் நிற்பவருக்கு விற்கப்படும் பொருள் இது. 'பாலும் கொலையும்' பேச்சின் காலத்தில் பால்டின் விற்கப்பட்டதும் இவ்வாறே. அழுகையை அமர்த்துவது வேறு, உறங்கக் கிடத்துவது வேறு. மடியிலோ ஏணையிலோ இருக்கையிலோ, ஆள் பக்கத்தில் இருக்க, குழந்தையை அமர்த்தலாம். கண் அயர்ந்தவுடன் எடுத்துச் சமமான, உறுதியான படுக்கையில் மல்லாத்திக் கிடத்திவிட வேண்டும். தலையணை, கனத்த போர்வை, பொம்மை ஆகியவற்றை அப்படுக்கையில் வைத்தலாகாது. குறைந்தது முதல் ஆறு மாதம் பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் உறங்குவது நலம். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதனையே கூறுகிறது. கார் இருக்கை, தள்ளுவண்டி, ஊஞ்சல் ஆகியவை, அதிலும் நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு, வழக்கமான உறங்குமிடம் ஆகா என்றும் அது கூறுகிறது. தாய்ப்பால் ஊட்டுவதும், வீட்டில் எவரும் புகைக்காமல் இருப்பதும் ஆபத்தைக் குறைக்கும். எடுத்துக் கிடத்தினால் விழித்துக்கொள்ளுமே என்பீர்கள். விழிக்கும்தான். ஓரிரு வாரம் அல்லற்பட்ட பின் பழகிவிடும் என்று தாய்மார் பலர் கூறக் கேட்டிருக்கிறேன்.

அக்காள் என்னும் ஆயா

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். தோட்டப் பள்ளிகளின் பழைய வருகைப் பதிவேடுகளைப் பார்த்தோர்க்குத் தெரியும், பெண்பிள்ளைகள் அடிக்கடி வராமல் இருப்பார்கள், மூன்றாம் நான்காம் வகுப்போடு நின்றும் விடுவார்கள். தம்பியின் ஏணையை ஆட்ட வீட்டில் ஆள் வேண்டும் என்பது அதற்கொரு பெருங்காரணம். எட்டு வயது அக்காள்தான் கொட்டகை இல்லாத தோட்டத்தின் ஆயா. அவள் இழந்த படிப்பின் மேல் எத்தனை தம்பிமார் உறங்கி வளர்ந்தனர்!

இன்று அவ்வாறு பள்ளியை விட்டு நிறுத்துவது அரிது. ஆயினும் பிற்பகல் வீடு திரும்பியதும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் மாணவியர் நம் வகுப்புகளில் இன்றும் இருக்கின்றனர். அம்மா கடைக்குப் போய் வரும் அரை மணி நேரம், குளிக்கும் கால் மணி நேரம் தொட்டிலுக்குப் பொறுப்பு அவர்களே. என் வகுப்பில் நலக்கல்விப் பாடத்தின்போது ஒரு துணிப் பொம்மையையும் ஒரு மேசையையும் கொண்டு மல்லாத்திக் கிடத்திக் காட்டுவேன். தாடையை மார்பில் சாய்த்துக்கொண்டு மூச்சிழுத்துப் பார்க்கச் சொல்வேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே செய்து பார்த்துச் சட்டென்று சிரிப்பை நிறுத்துவார்கள். அன்று மாலையே அது வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பெற்றோருக்கு நாம் அனுப்பும் சுற்றறிக்கை அவ்வளவு விரைவாகச் சேர்வதில்லை.

பெற்றோர்க்கு ஒரு சட்டக் குறிப்பு. 1984-ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி, நான்கு வயதுக்கு உட்பட்ட நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கூலிக்குப் பார்க்கும் இடம் சமூகநல இலாகாவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஒன்றிரண்டு பிள்ளைகளை மட்டும் தம் வீட்டில் பார்த்துக்கொள்ளும் அம்மாமார் இச்சட்டத்தின் கண்ணில் படுவதில்லை. நம்மவர் பலர் நம்பியிருப்பதோ இவர்களைத்தான். ஆகவே கேட்க வேண்டியவர் நீங்களே. பால் எத்தனை மணிக்கு, பணம் எவ்வளவு என்று கேட்பதோடு, "பிள்ளையை எதில் தூங்க வைக்கிறீர்கள், அப்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள்?" என்றும் கேளுங்கள். நல்ல ஆயா அக்கேள்வியால் வருந்தமாட்டார்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். புக்கிட் அசகான், புக்கிட் லிந்தாங், டைமண்ட் ஜூபிலி, காடேக், தெபோங், கெமுனிங் முதலிய தோட்டங்களில் ஆயாவாக வேலை செய்த பாட்டிமார் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கக்கூடும். உங்கள் குடும்பத்தில் அத்தகையவர் இருப்பின், ஒரு கொட்டகையில் எத்தனை ஏணைகள் தொங்கின, ஒருவர் எத்தனை பிள்ளைகளைப் பார்த்தார், நாட்கூலி எவ்வளவு, பிள்ளைக்கு உடம்பு முடியாவிட்டால் டிரசரை அழைக்க யார் ஓடினார், எந்த ஆண்டில் கொட்டகை மூடப்பட்டது என்பவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாற்றுப் பாட இடுபணியாகவும் இதனைக் கொடுக்கலாம். கொட்டகையின் பழைய படம் எவரிடமாவது இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். நானும் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.